வரிசையார் நினைவுப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு

வரிசையார் நினைவு மாணவர் பேச்சுப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு முந்தின நாள் காலை, அதில் பேச வேண்டிய ஒரு மாணவியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. வரிசையார் சொன்னதைச் சொன்னாள் என்பதுதான் குற்றச்சாட்டு.

மாணவியின் அப்பா பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு கிழிந்த குடையின் கீழ் உட்கார்ந்து மாற்றுச் சாவி போட்டுக் கொடுப்பவர். எல்லோருக்கும் அவர் சாவிக்காரர். மனைவி போன பிறகு மகளை வளர்த்தது அவருடைய அக்காதான். மகள் கல்லூரியில் முதல் வருடம். அவள் வீட்டு வாசலில் நின்று பேசினால் தெருக்கோடியில் இருப்பவர் பதில் சொல்வார். அதனால் அவளுக்கு மைக்கு என்று பெயர் விழுந்து, பெற்றவர் வைத்த பெயர் மார்க் ஷீட்டில் மட்டும் மிஞ்சியிருந்தது.

வரிசையாரைத் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. ஒரு காலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க இரண்டு வரிசைகள் இருந்தன. மேட்டுத் தெருக்காரர்களுக்கு ஒன்று, பள்ளத்துக் குடியிருப்புக்காரர்களுக்கு ஒன்று. பள்ளத்து வரிசை ஜன்னலை எட்டுவதற்குள் காய்ச்சல் தானாகப் போய்விடும், அல்லது ஆள் போய்விடுவார். பள்ளத்தில் பிறந்த வரிசையார் ஒருநாள் மேட்டு வரிசையில் போய் நின்றார். அந்தப் பக்கம் போ என்றார்கள். "நானும் ஆளுதான். இங்கதான் நிப்பேன்" என்றார். அடித்து இழுத்துப் போய் ஜெயிலில் வைத்தார்கள். வெளியே வந்ததும் நேராக அதே வரிசைக்குப் போனார். இப்படியே பல வருடங்கள். கடைசியில் அதிகாரிகளுக்கு அலுத்துப்போய் இரண்டு வரிசைகளையும் ஒன்றாக்கினார்கள்.

அவர் இறந்த பிறகு சிலை வைத்தார்கள். அவர் சொன்ன வாக்கியத்தை மூன்றாம் வகுப்புப் பாடத்தில் போட்டார்கள். மணிமண்டபம் கட்டினார்கள். ஆஸ்பத்திரியில் மறுபடியும் இரண்டு வரிசைகள் வந்தன. ஆனால் இது வேறு. விரைவு அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று, வைத்திராதவர்களுக்கு ஒன்று. அட்டையை எந்தத் தெருக்காரரும் வாங்கலாம், பேதமே கிடையாது. பணம் இருந்தால் போதும்.

பேச்சுப் போட்டியின் செலவை அந்த ஆஸ்பத்திரிதான் ஏற்றுக்கொண்டிருந்தது. முதல் பரிசு, ஒரு வருடத்துக்கு விரைவு அட்டை. மைக்கு போட்டியில் சேர்ந்ததே அதற்காகத்தான். அத்தைக்கு மூச்சிரைப்பு. மூன்று படி ஏறினால் நான்காவதில் உட்கார்ந்துவிடுவாள். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாமல் பாதியில் திரும்பி வந்த நாட்கள் அந்த மாதத்திலேயே பல.

இறுதிச் சுற்றுக்குத் தேர்வானவர்களுக்குப் போட்டிக் குழு ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. 'வரிசையாரின் வாழ்வில் ஒரு மணி நேரம் வாழ்ந்து பாருங்கள். அனுபவத்துக்குப் பத்து மதிப்பெண்.' மைக்கு அதை நம்பினாள். அத்தையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள், ஆளே இல்லாத விரைவு வரிசையில் அவளை நிறுத்தி, பக்கத்தில் தானும் நின்றுகொண்டாள். அட்டை எங்கே என்று கேட்ட காவலாளிக்கு வரிசையாரின் பதிலைச் சொன்னாள். அவள் குரல் அப்படிப்பட்டதால் அது மருந்துக் கிடங்கு வரைக்கும் கேட்டது. அந்தப் பக்க வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

சாவிக்காரர் ஸ்டேஷனுக்கு ஓடியபோது அக்கா பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மைக்கு உள்ளே, கம்பிக்குப் பின்னால்.

"வந்துட்டியாடா தம்பி," என்றாள் அக்கா. "இவ ஒரு தப்பும் பண்ணலடா. அந்த வரிசையில ஒருத்தரும் இல்ல. ஃபேன் மட்டும் யாருக்கோ சுத்திட்டு இருந்துச்சு. அதுக்குக் கீழ போய் நின்னோம், அவ்வளவுதான்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஊழியரைப் பணி செய்ய விடாம தடுத்தது, கூட்டத்தைத் தூண்டிவிட்டது. ரெண்டு பிரிவு. அவ என்ன சொன்னா தெரியுமா? 'நானும் ஆளுதான், இங்கதான் நிப்பேன்'னு சொல்லியிருக்கா. எவ்வளவு திமிர் இருந்தா இப்படி வரும்?"

"சார், அது வரிசையார் சொன்னது சார்," என்றார் சாவிக்காரர். இன்ஸ்பெக்டரின் தலைக்கு மேலே காட்டினார். அங்கே வரிசையாரின் படம் மாலையோடு தொங்கியது. படத்துக்குக் கீழேயே அந்த வாக்கியம் பொன்னெழுத்தில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்து, மரியாதையாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அவரு சொல்லலாம்யா. அவரு செத்துட்டாரு."

சாவிக்காரருக்கு மாலையின் பூ காய்ந்திருந்ததா, காகிதமா என்று சம்பந்தமில்லாமல் ஒரு யோசனை வந்தது. பிறகு போட்டியைப் பற்றிச் சொன்னார், பத்து மதிப்பெண்ணைப் பற்றிச் சொன்னார், கையெடுத்துக் கும்பிட்டார். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் இறங்கி வந்தார்.

"பயிற்சிதான்னு போட்டிக் குழுவுல எழுதி வாங்கிட்டு வா. ஒத்திகைன்னா விட்டுடலாம். நிஜம்னாதான் கேஸு."

மணிமண்டபத்தில் மேடை வேலை நடந்துகொண்டிருந்தது. நடுவில் அட்டையால் ஒரு ஜெயில் அறை கட்டியிருந்தார்கள். மாணவர்கள் அதற்குள் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டுமாம். தச்சர் போட்டிக் குழுவின் செயலாளரிடம், "கம்பிக்குக் கறுப்பு அடிக்கட்டுமா, வெள்ளியா?" என்று கேட்டார்.

"வெள்ளி. போட்டோவுல நல்லா விழும்," என்றார் செயலாளர். பிறகு சாவிக்காரரின் கதையைப் பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் வாடிவிட்டது.

"ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா விதி இருக்கே. போலீஸ் கேஸ் இருக்கிறவங்க போட்டியில கலந்துக்க முடியாது."

"ஐயா, வரிசையாரே எத்தனை தடவை ஜெயிலுக்குப் போனாரு..."

"அதனாலதான் அந்த விதி!" செயலாளருக்குக் குரல் தழுதழுத்தது. "பத்தொன்பது தடவை போனாருய்யா அந்த மகான். ஜெயில்ங்கிறது அவரோட தியாகம். இன்னைக்கு யார் யாரோ போயிட்டு வந்து, நானும் போனேன்னு நின்னா, அவரோட ஜெயிலுக்கு என்ன மரியாதை? நம்ம பிள்ளைங்க யாரும் அவரு செஞ்சதைச் செய்யக் கூடாதுன்னுதான் அவரு அதையெல்லாம் செஞ்சாரு. அவரு நின்னது, நாம உக்காந்து அதைப் பத்திக் கேக்கிறதுக்கு."

"அந்த அனுபவத்துக்குப் பத்து மார்க்குன்னு..."

"ஐயோ, அதுக்கு அவரை மாதிரி கோட்டு ஒண்ணு வாடகைக்கு எடுத்துப் போட்டு, சிலை பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கணும்! மத்த பிள்ளைங்கள்லாம் அப்படித்தான் செஞ்சிருக்காங்க. உங்க பொண்ணு ஆஸ்பத்திரிக்கா போவா?"

பயிற்சிதான் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினார் சாவிக்காரர். போட்டியாளருக்குத்தான் எழுதித் தர முடியும் என்றார் செயலாளர். கேஸ் இருப்பவள் போட்டியாளர் இல்லை. கேஸ் இல்லை என்று ஸ்டேஷனில் எழுதி வாங்கி வந்தால் உடனே எழுதித் தருகிறேன் என்றார். சாவிக்காரர் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே, குழு எழுதித் தந்தால்தான் கேஸ் இல்லை என்று எழுத முடியும் என்றார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பது அவருக்கு அதுவரை வெறும் பழமொழிதான்.

அன்று முழுக்க நடந்தார். வேகாத வெயில். மூன்றாம் தடவை போனபோது ஏட்டு இரக்கப்பட்டு, "ஊர்ப் பூட்டையெல்லாம் தொறக்கிற ஆளு நீ, இதைத் தொறக்க முடியலியே!" என்றார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். சாவிக்காரர் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்தில் அழுதார். முகம் கழுவிக்கொண்டு வந்து அக்காவிடம், "வீட்டுக்குப் போக்கா, உடம்புக்கு முடியாது" என்றார்.

"பெஞ்சு நல்லாத்தான் இருக்கு. ஆஸ்பத்திரியில இதுவும் கிடையாது," என்றாள் அக்கா. பெண் போலீஸ் ஒருத்தி அவளுக்குத் தலையணையாகத் தன் பையைக் கொடுத்தாள்.

மறுநாள் காலை செயலாளரே ஸ்டேஷனுக்கு ஓடி வந்தார். வேட்டி காலைத் தடுக்க, பேயடித்த முகத்தோடு. சிறப்பு விருந்தினராக வருபவர் ஆஸ்பத்திரித் தலைவர். பள்ளத்துக் குடியிருப்புப் பிள்ளையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். போட்டியாளர்களில் பள்ளத்துப் பிள்ளை மைக்கு ஒருத்திதான்.

"மத்த எல்லாமே மேட்டுத் தெருப் பிள்ளைங்க," என்று செயலாளர் கையைப் பிசைந்தார். "படத்துக்கு நான் எங்க போவேன்?"

பெரிய மனிதர்கள் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். சாவிக்காரர் நின்று கேட்டார். முடிவு இதுதான்: மைக்குவைப் போலீஸ் காவலிலேயே மேடைக்குக் கொண்டு வருவது. மேடையில்தான் ஜெயில் இருக்கிறதே, அதற்குள் நிற்கட்டும். போலீஸ்காரர்கள் பக்கத்தில் நிற்கட்டும். பார்க்கிறவர்கள் நாடகம் என்று நினைத்துக்கொள்வார்கள். பேசி முடித்ததும் திரும்பக் கொண்டுபோய்விடலாம். இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்.

"அந்த வாக்கியம் மட்டும் கூடாது. அது கேஸ்ல சாட்சியம். மறுபடி சொன்னா ரெண்டாவது குற்றம், ஜாமீன் கிடைக்காது. சொல்லலைன்னா சாயந்திரம் பார்த்துச் செய்யலாம்."

சாவிக்காரர் கம்பி அருகே போனார்.

"அம்மாடி, அந்த ஒரு வாக்கியம் வேணாம்மா."

"அதை விட்டா அவரு வேற என்னப்பா சொன்னாரு?"

"எதையாவது சொல்லு. நல்லவரு வல்லவருன்னு சொல்லு. உன் வாயாலதான் இவ்வளவும். அப்பாவுக்காகப் பேசாம இருடி."

"பேச்சுப் போட்டியில பேசாம இருக்கணுமா?"

அவர் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். மைக்கு அவரைப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் சாய்ந்திருந்த அத்தையைப் பார்த்தாள். "எனக்கு அந்த அட்டை வேணும்பா. சொல்லல, போ," என்றாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசை நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. வாசலில் அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு ஒரு வழி, இல்லாதவர்களுக்கு ஒரு வழி. சாவிக்காரரும் அக்காவும் இரண்டாவது வழியில் நுழைந்து, கடைசியில், தூணுக்குப் பின்னால் இடம் பிடித்தார்கள். அவர்களுக்கு முன்னால், கூட்டம் காட்டுவதற்காக ஏற்றிக்கொண்டு வரப்பட்ட ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் கொடியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரித் தலைவர் தொடக்கவுரை ஆற்றினார். "வரிசையார் ரெண்டு வரிசையை ஒண்ணாக்கினார். ஏன்? வரிசை நீளமா இருந்ததால. அந்தக் கனவைத்தான் நாங்க நனவாக்கியிருக்கோம். இன்னைக்கு எங்க விரைவு வரிசையைப் பாருங்க, நிக்கிறதுக்கு ஆளே இல்ல!" என்றார். கைதட்டல் எழுந்தது.

பிறகு வாடகைக் கோட்டுகளில் மாணவர்கள் ஒவ்வொருவராக அட்டை ஜெயிலுக்குள் போனார்கள். "வரிசையார் வாழ்ந்த வாழ்வு வாகை சூடிய வாழ்வு! வஞ்சகரை வதைத்த வாழ்வு!" என்று ஒரு பையன் வகரத்திலேயே நேரம் முடிந்த மணி அடிக்கும்வரை போனான். அடுத்தவள் அவரை எரிமலை என்றாள், அதற்கடுத்தவன் ஆழ்கடல் என்றான். ஒருவன் கம்பியைக் குலுக்கிய வேகத்தில் கம்பி கையோடு வந்துவிட்டது. தச்சர் ஓடிவந்து ஒட்டினார்.

மைக்குவை இரண்டு போலீஸ்காரர்கள் அழைத்துவந்தபோது கூட்டம் 'ஆ' என்றது. கையில் நிஜ விலங்கு. தலை வாரவில்லை. கன்னத்தில் பாயின் தடம். "ஒப்பனைக்கே தனிப் பரிசு குடுக்கலாம்," என்று முன்வரிசையில் ஒரு அம்மாள் சொன்னார். இன்ஸ்பெக்டர் அட்டைக் கதவுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

மைக்கு ஒலிபெருக்கியைத் தள்ளி வைத்தாள்.

"எங்க அத்தைக்கு மூச்சு வாங்கும்," என்று ஆரம்பித்தாள். "வரிசையாரோட அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சாம். அவங்க வரிசையில நின்னுட்டு இருக்கும்போதே சரிஞ்சுட்டாங்க. பக்கத்து வரிசையில ஒரு ஆளுகூட இல்ல. அம்மாவைப் பொதைச்சிட்டு வந்து அவரு அந்தக் காலி வரிசையில நின்னாரு. வீரத்துல நிக்கல. வேற எங்க நிக்கிறதுன்னு தெரியாம நின்னாரு. அந்தப் பக்கம் போன்னு சொன்னாங்க. அப்ப அவரு சொன்னாரு..."

நிறுத்தினாள். இன்ஸ்பெக்டரின் கை பெல்ட்டுக்குப் போனது. சாவிக்காரர் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவள் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வந்தது.

ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது. டீச்சர் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினால் மீதியைச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியும்.

"நானும் ஆளுதான்! இங்கதான் நிப்பேன்!" என்று ராகமாகக் கத்தினார்கள். பழக்கதோஷம், பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மண்டபம் முழுக்கச் சொன்னது. ஆஸ்பத்திரித் தலைவர் சொன்னார். செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். இன்ஸ்பெக்டரின் மீசையும் அசைந்ததை அக்கா பார்த்தாள். அவரும் மூன்றாம் வகுப்பு படித்தவர்தானே.

மைக்குவுக்கு முதல் பரிசு. நடுவர்கள் தங்கள் குறிப்பில், தத்ரூபமான நடிப்பு என்றும், போலீஸ் வேடத்தில் வந்தவர் மட்டும் சற்று மிகையாகச் செய்தார் என்றும் சொன்னார்கள். படம் எடுத்து முடிந்ததும் அவளைக் கீழே இறக்கிக்கொண்டு போனார்கள். பரிசை வாங்க அப்பாவை மேடைக்கு அழைத்தார்கள். ஆஸ்பத்திரித் தலைவர் அட்டையைக் கொடுத்து, "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார்.

சாவிக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். 'பரிசு பெற்றவருக்கு மட்டும். உறவினருக்குச் செல்லாது' என்று பின்னால் இருந்தது. மகளுக்கு ஒரு தலைவலி காய்ச்சல்கூட வந்ததில்லை.

"ஐயா, என் பொண்ணை விடச் சொல்லுங்க," என்றார். கூட்டம் கைதட்டியது. "நாடகம் இல்லீங்க. நிஜமாவே பிடிச்சு வெச்சிருக்காங்க. நேத்துலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல." கைதட்டல் கூடியது. "எங்கக்காவுக்கு மூச்சு முட்டுதுங்க. யாராவது சொல்லுங்களேன்!" எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஆஸ்பத்திரித் தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாவுக்கும் என்ன திறமை பாருங்க," என்றார்.

சாவிக்காரர் மேடையிலிருந்து குதித்து வெளியே ஓடினார். மைக்குவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சார், அவ சொல்லல சார்! வாயே தொறக்கல!"

"சொல்ல வெச்சாளே. தூண்டினது மறுபடியும்."

"மண்டபமே சொல்லிச்சே சார். நீங்களும் சொன்னீங்க. எல்லாரையும் விட்டுட்டு இவளை மட்டும் ஏன்?"

இன்ஸ்பெக்டர் ஒரு நிமிடம் யோசித்தார். அவருக்கே பதில் தேவைப்பட்டது போலிருந்தது.

"அவங்கள்லாம் உக்காந்துக்கிட்டு சொன்னாங்கய்யா. இவ போய் நின்னுட்டு சொன்னா. அதான் வித்தியாசம்."

சாவிக்காரர் ஜீப்பையும் இன்ஸ்பெக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜீப்புக்கு முன்னால் போய், தார் ரோட்டில், கடையில் உட்காருவது போலவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"யோவ், என்னய்யா பண்ற?"

"உக்காந்திருக்கேன் சார்," என்றார். "நானும் ஆளுதான் சார். உக்காந்துக்கிட்டுதான் சொல்றேன்."

அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. தம்பிக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்து, "அப்பாடா" என்றாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். ஏட்டு சாவிக்காரரின் தோளைப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்ததே தவிர அவர் எழுந்திருக்கவில்லை. அதற்குள் ஜீப்புக்குப் பின்னால் ஆஸ்பத்திரித் தலைவரின் கார் வந்து நின்றது. சந்து குறுகல், முன்னால் இருவரும் உட்கார்ந்திருக்க ஜீப் ஒதுங்க வழியில்லை. அவருக்கு அடுத்த ஊரில் இன்னொரு வரிசையார் விழா இருந்தது. கண்ணாடியை இறக்கினார்.

"இன்னுமா முடியல இந்த நாடகம்?"

"இல்லீங்க ஐயா, இது..." என்று இன்ஸ்பெக்டர் தொடங்கினார்.

"எதுவா இருந்தாலும் விட்டுத் தொலைங்கய்யா. எனக்கு நேரமாச்சு."

விலங்கைக் கழற்றினார்கள். மைக்கு இறங்கி வந்து அத்தையின் கையைப் பிடித்துத் தூக்கினாள். ஜீப் ஒதுங்கியது, கார் போனது. மைக்கு நின்றதற்கும் சாவிக்காரர் உட்கார்ந்ததற்கும் கிடைக்காத வழி, ஒரு காருக்குக் கிடைத்தது.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறிக்கொண்டு, சாவிக்காரரிடம் விரலை நீட்டினார்.

"விட்டாச்சுன்னு நெனைக்காத. கேஸ் அப்படியேதான் இருக்கு. இருபதாம் தேதி கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வந்துடணும். சீக்கிரம் வா, அங்கயும் வரிசை உண்டு."

"எத்தனை வரிசை சார்?" என்று கேட்டாள் மைக்கு. சந்தின் கடைசி வரைக்கும் கேட்டது.

இன்ஸ்பெக்டர், பெண்ணை அடக்கு என்பது போல அப்பாவைப் பார்த்தார். சாவிக்காரர் கிழிந்த சட்டையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

"கேக்கறா இல்ல," என்றார். "சொல்லுங்க சார்."